எந்த வரியில் விழுந்தது என்று சொல்லுங்கள்: தரம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பிழைத்திருத்தத் தகவலுக்குத் தரம் வகுக்கும் குழுவினருக்கும், கம்பைலர் (எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கருவி), டிபக்கர் (நிரலில் பிழை தேடும் கருவி), இயங்குதளம் உருவாக்கும் எல்லோருக்கும்,

வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையிலிருந்து எழுதுகிறேன். மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன மென்பொருள் கடை நடத்துகிறோம். ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு ஒரு பெட்டி செய்து கொடுப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. படகு நிற்கும் இடம், வந்த வழி, செயற்கைக்கோள் ரிசீவரில் வரும் வானிலை எச்சரிக்கை, இவற்றை அது தமிழில் எழுதிக் காட்டும், குரலிலும் சொல்லும். உள்ளே ஓடுவது லினக்ஸ். வீல்ஹவுசில் மாட்டியிருக்கும் டேப்லெட்டில் விண்டோஸ். இரண்டும் பேசிக்கொள்ளும்.

போன மாதம் தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் ஒரு ஸ்ராங்கு (படகை ஓட்டுபவர்) அண்ணன் என் கையில் ஒரு பென் டிரைவைக் கொடுத்தார். பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மேலே ரப்பர் பேண்ட் போட்டு, 23 நாள் கடலில் தன் துணிப்பைக்குள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். "பெட்டி நின்றுபோனால் இதைச் சொருகுங்கள், பச்சை விளக்கு எரிந்த பிறகு எடுங்கள்" என்று கிளம்பும்போது நாங்கள்தான் சொல்லியிருந்தோம். அவர் சொன்னபடி செய்திருந்தார்.

"மக்களே, ராத்திரி ரெண்டு மணிக்கு நின்னு போச்சு. தானா எழும்பிச்சு, பொறவும் விழுந்துச்சு. எதுக்குன்னு இதுல எழுதியிருக்கும்லா?"

"இருக்கும் அண்ணே, பார்த்துச் சொல்றேன்" என்றேன். இரண்டு நாளில் சொல்லிவிடலாம் என்று மனதார நம்பித்தான் அந்த வார்த்தையைக் கொடுத்தேன். பதில் கிடைக்கப் பதினொரு இரவு ஆனது. அதற்குள் அடுத்த நடைக்கு ஐஸ் ஏற்றி, டீசல் ஏற்றி, அந்தப் படகு கிளம்பிப் போய்விட்டது. பழுது பார்க்காத பெட்டியோடு. இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

பென் டிரைவில் இருந்தது ஒரு கோர் ஃபைல், 38 எம்.பி. நிரல் விழுந்த கணத்தில் நினைவகம் எப்படி இருந்ததோ அப்படியே எடுத்த படம். அதைத் திறந்தால் அடுக்கு அடுக்காகத் தெரிய வேண்டும்: எந்தச் செயற்கூறு (ஃபங்ஷன்) எதை அழைத்தது, எந்தக் கோப்பில், எந்த வரியில், என்ன மதிப்போடு. எங்கள் நிரலின் அடுக்குகள் நான்கும் ஒழுங்காகத் தெரிந்தன. அவற்றுக்கு மேலே, நிரல் உண்மையில் விழுந்த இடத்தில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கேள்விக்குறி. அது பெட்டிக்குள் இருக்கும் மின்னணுப் பலகையை விற்ற நிறுவனம் கட்டிக் (கம்பைல் செய்து) கொடுத்த லைப்ரரி, அதாவது தயார் நிரல் தொகுப்பு. பெயர்களை எல்லாம் உரித்துவிட்டுக் கொடுத்திருந்தார்கள்.

சரி, பிழைத்திருத்தக் கோப்பைத் தனியாகத் தாருங்கள் என்று எழுதிக் கேட்டோம். நாலு நாள் கழித்து ஒன்று வந்தது. லைப்ரரிக்கும் அதன் பிழைத்திருத்தக் கோப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டிய அடையாளமான பில்ட் ஐடி பொருந்தவில்லை. மறுபடி கட்டிய வேறொரு லைப்ரரிக்கான கோப்பு அது. திரும்பவும் கேட்டோம். சரியான கோப்பு வந்தது. அவர்களே பலகையோடு கொடுத்த டிபக்கரில் அதைத் திறந்தேன். வந்த வரி இது: பதிப்பு தவறு, இருப்பது 5, இருக்க வேண்டியது 2, 3 அல்லது 4.

இந்த வரியைப் பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பிழைத்திருத்தத் தகவலை எழுதும் டுவார்ஃப் என்ற வடிவத்தின் 5-ஆம் பதிப்பு 2017-இல் வந்தது. ஜி.சி.சி. என்ற கம்பைலர் தன் 11-ஆம் பதிப்பில், 2021-இல், அதையே இயல்பாக எழுத ஆரம்பித்தது. கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் 2022-இல் 14-ஆம் பதிப்பில் மாறியது. நல்ல மாற்றம், நான் குறை சொல்லவில்லை. கோப்பு சிறியதாகிறது, தேடுவதும் வேகமாகிறது. ஆனால் லைப்ரரியைக் கட்டியது புதிய கம்பைலர், அதோடு சேர்த்துக் கொடுத்தது பழைய டிபக்கர். இரண்டும் ஒரே பையில், ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தவை. ஒன்று எழுதியதை மற்றது படிக்காது. பழைய பதிப்பிலேயே எழுது என்று கம்பைலருக்குச் சொல்ல வழி உண்டு என்பீர்கள். உண்டு. அதைச் சொல்ல வேண்டியவர் லைப்ரரியைக் கட்டியவர். கோர் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான்.

ஜி.டி.பி. என்ற டிபக்கரின் புதிய மூலநிரலை இறக்கி, இந்தப் பலகைக்கு ஏற்றபடி நாங்களே கட்டினோம். அதற்கு ஒரு ராத்திரி போனது. திறந்தது. கேள்விக்குறி போய்ப் பெயர் வந்தது, வரி எண்ணும் வந்தது. எந்தச் சரத்தை, அதாவது எந்த எழுத்து வரிசையை, படிக்கும்போது விழுந்தது என்று கேட்டேன். 'ஆப்டிமைஸ்ட் அவுட்' என்றது. கம்பைலர் வேகத்துக்காக அந்தச் சரத்தை வைத்திருந்த மாறியைக் கழித்துவிட்டது. போனது எங்கே என்று எழுதி வைக்கவில்லை.

அப்புறம் கையால்தான் தேடினோம். நினைவகத்தை எண் எண்ணாக விரித்துப் பார்த்தோம். ஓரிடத்தில் 44, 44, 44, 44 என்று வரிசையாக வந்தது. 44 என்றால் கமா. அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஜி.பி.எஸ். கருவிகள் பேசுவது என்.எம்.இ.ஏ. 0183 என்ற வடிவம்; கமாவால் பிரித்த ஒரு வரி. இடம் தெரிந்தால் கமாக்களுக்கு நடுவில் எண் இருக்கும். இடம் தெரியாவிட்டால் நடுவில் ஒன்றும் இருக்காது, கமாவும் கமாவும் ஒட்டி நிற்கும். லைப்ரரியை எழுதியவர் அந்த வரியைப் பிரிக்க சி மொழியின் பழைய செயற்கூறு ஒன்றைப் பயன்படுத்தியிருந்தார். ஒட்டி நிற்கும் கமாக்களை அது ஒன்றாகவே எண்ணும். பத்தாவது இடத்தில் இருப்பதைக் கேட்டால் மூன்றோடு வரி முடிந்துவிட்டது. எதையும் சுட்டாத வெறும் பாயிண்டர் (நினைவக முகவரி) கிடைத்தது, அதை எண்ணாக மாற்றப் போனது, விழுந்தது. ஆன்டெனா வயரை உப்புத் தண்ணீர் அரித்திருந்தது, சிக்னல் இல்லை. பெட்டி எழும்பும், அதே வரி வரும், மறுபடி விழும். அண்ணன் சொன்னது அப்படியே சரி.

சி படிக்கும் எந்த மாணவரும் ஒரு மதியத்தில் சரிசெய்யக்கூடிய பிழை இது. கண்டுபிடிக்கத்தான் பதினொரு இரவு. அந்தப் பதினொன்றில் பிழையைப் பற்றி யோசித்தது ஒரே ஒரு இரவு. மீதி பத்தும் திறக்காத கோப்புகளைத் திறக்கப் போனது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நிரல் எந்தக் கம்பைலரில் கட்டியதாக இருந்தாலும், எந்த இயங்குதளத்தில் விழுந்தாலும், நான்கு விஷயம் கட்டாயம் தெரிய வேண்டும்: எந்தக் கோப்பு, எந்த வரி, எந்தச் செயற்கூறு, அதற்குள் என்ன மதிப்பு போனது. இந்த நான்கையும் எல்லோரும் ஒரே மாதிரி எழுத வேண்டும், எல்லா டிபக்கரும் படிக்க வேண்டும்.

'தரம்தான் ஏற்கெனவே இருக்கிறதே' என்பீர்கள். இருக்கிறது, அதை உருவாக்கியவர்களுக்கு நன்றி. டுவார்ஃப் பெல் லேப்ஸில் 1980-களில் பிறந்த வடிவம்; யூனிக்ஸ் இன்டர்நேஷனல் என்ற கூட்டமைப்பின் குழு 1992-இல் முதல் பதிப்பை வெளியிட்டது. அந்தக் கூட்டமைப்பு கலைந்த பிறகு, சில ஆண்டுகள் கழித்து மறுபடி கூடி 2005-இல் மூன்றாவதையும், 2010-இல் நான்காவதையும் கொண்டுவந்தார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஆவணத்தைப் பொறுமையாகப் படித்தால் ஒன்று விளங்கும். எதையெல்லாம் எழுதலாம், எழுதினால் எந்த வடிவில் எழுத வேண்டும் என்று அது சொல்கிறது. எதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று சொல்வதில்லை. மாறி எங்கே போனது என்று எழுதாத கம்பைலரும் தரத்தின்படியே நடக்கிறது. எதையும் எழுதாத கம்பைலரையும் தரம் கண்டிக்காது. என் பத்து இரவும் தொலைந்தது இந்த இடைவெளியில்தான்.

விண்டோஸ் பக்கம் கதை வேறு. டேப்லெட்டில் ஓடும் எங்கள் நிரலும் அதே ராத்திரி உறைந்து நின்றது. அதன் ஒரு பாதியைக் கட்டியது மைக்ரோசாஃப்ட் கம்பைலர், பிழைத்திருத்தத் தகவல் மைக்ரோசாஃப்ட்டின் சொந்த வடிவமான பி.டி.பி. கோப்பில். இன்னொரு பாதியைக் கட்டியது ஜி.சி.சி.யை விண்டோஸுக்குக் கொண்டுவந்த மின்ஜிடபிள்யூ, தகவல் டுவார்ஃபில். விழுந்தபோது எடுத்த படமோ மினிடம்ப், லினக்ஸின் கோர் ஃபைலுக்குச் சம்பந்தமில்லாத வடிவம். ஒரு டிபக்கரில் திறந்தால் முதல் பாதிக்குப் பெயர் இருக்கிறது, இரண்டாவது பாதி வெறும் முகவரி. இன்னொன்றில் திறந்தால் தலைகீழ். எல்.எல்.டி.பி. என்ற டிபக்கர் இரண்டையும் ஓரளவு படிக்கும் என்று தெரியும், அதில்தான் கடைசியில் முடித்தோம். ஒரே செயலிக்குள் ஒரே இழையாக (திரெட்) ஓடிய நிரலின் இரண்டு பாதிகளை ஒட்டவைப்பதற்குள் பொழுது விடிந்துவிட்டது.

இத்தனைக்கும் நீங்கள் எல்லோரும் தனித்தனியாக ஒரே யோசனைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். நிரலையும் அதன் பிழைத்திருத்தக் கோப்பையும் ஜோடி சேர்க்க லினக்ஸில் பில்ட் ஐடி. மேக்கில் யு.யு.ஐ.டி. விண்டோஸில் ஜி.யு.ஐ.டி.யோடு ஒரு வயது எண். மூன்றும் செய்வது ஒரே வேலை. அந்த அடையாளத்தைக் கொடுத்தால் கோப்பைத் தேடித் தரும் டிபக்இன்ஃபோடி என்ற சேவை 2019-இல் வந்தது. பெரிய லினக்ஸ் வெளியீடுகள் பலவும் அதற்கு சர்வர் வைத்திருக்கின்றன. வி.எஸ். கோடு எடிட்டருக்காகப் பிறந்த, எடிட்டரும் டிபக்கரும் பேசிக்கொள்ளும் டிபக் அடாப்டர் நெறிமுறையை ஜி.டி.பி.யும் 2023-இல் ஏற்றுக்கொண்டது. போட்டியாளர்கள் ஒருவர் வகுத்த முறையை இன்னொருவர் ஏற்பது நடக்கிறது. திரையில் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதில் ஒத்துப்போக முடிந்தவர்களுக்கு, அந்தப் பொத்தானை அழுத்தினால் தெரிய வேண்டியதில் ஒத்துப்போவது அவ்வளவு கடினமா?

கடலில் இது எப்போதோ தீர்ந்த பிரச்சினை. ராத்திரி எந்த நாட்டுக் கப்பல் வந்தாலும் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. 1972-இல் வகுத்த சர்வதேச விதி. கப்பலைக் கட்டியது கொரியாவா நார்வேயா என்று எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. சிவப்பு தெரிந்தால் அது எந்தப் பக்கம் போகிறது என்று புரிந்து வள்ளத்தைத் திருப்புவார்கள். விளக்கு வைப்பதும் வைக்காததும் அவரவர் விருப்பம் என்று அந்த விதி எழுதப்பட்டிருந்தால் எங்கள் கரையில் எத்தனை வீடு இருட்டாகியிருக்கும்?

தமிழ் கம்ப்யூட்டரில் ஏறிய காலத்தையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்னொருவர் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளை அரசு தரமாக்கியது. இணையத்தில் ஏற்கெனவே டிஸ்கி என்ற இன்னொரு குறியீடு புழங்கியது. 2010-இல்தான் அரசு யூனிகோடை ஏற்றது. அந்தக் குழப்பத்துக்குள் வளர்ந்தவன் நான். தரம் வந்த பிறகு எத்தனை லேசானது என்பதையும் பார்த்தவன். அதே யூனிகோடில் நான் எழுதிய 'கடல் சீற்றம்' என்ற எச்சரிக்கை, அந்த கோர் ஃபைலுக்குள் டிபக்கரில் எப்படித் தெரிந்தது தெரியுமா? \340\256\225 என்று தொடங்கி வரி முழுக்கச் சாய்கோடும் எண்ணுமாக. அந்த மூன்று எண்ணும் சேர்ந்தது 'க'. என் மொழியின் முதல் மெய்யெழுத்தை அட்டவணை பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எழுத்துக் குறியீட்டை இன்னதென்று அமைத்தால் சரியாகும்; அமைத்தேன், சரியானது. ஆனால் இந்தச் சரம் யு.டி.எஃப்.-8 என்று நிரலே சொல்லியிருந்தால் நான் எதையும் அமைக்க வேண்டியிருக்காது. டுவார்ஃபில் அப்படிச் சொல்ல ஒரு குறி இருக்கத்தான் செய்கிறது. சி மொழியின் சாதாரண ஒற்றை பைட் எழுத்துச் சரங்களுக்கு அதை இடுவாரில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர்கோவிலில் கல்லூரி மாணவர்கள் சிலருக்கு சி சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. நாலு வருடம் படித்து முடிக்கும் பிள்ளையிடம் டிபக்கரைத் திறக்கச் சொன்னால் முகம் மாறிவிடும். இருபது இடத்தில் பிரிண்ட் வரி போட்டுப் பிழை தேடுவார்கள். சோம்பல் என்று முதலில் நினைத்தேன், தவறு. ஒரு பெண் சொன்னாள்: "சார், காலேஜ் லேபில ஒண்ணு, என் லேப்டாப்ல ஒண்ணு, நீங்க காட்டறது ஒண்ணு. ஒவ்வொண்ணும் முதல்ல இருந்து படிக்கணும். பிரிண்ட் எல்லாத்திலயும் ஒரே மாதிரி இருக்கு." அவள் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. நாம் எல்லோரும் சேர்ந்து அந்தப் பிள்ளைகளுக்கு மிச்சம் வைத்திருக்கும் ஒரே பொதுத் தரம் பிரிண்ட் வரிதான். இது எனக்குக் கோபத்தைத் தருகிறது. பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே தனி ஆட்கள் இருப்பார்கள். அவர்களுக்குள்ளேயே கோப்புகளை மாற்றித் தரும் கருவிகள் இருக்கும். மூன்று பேர் கடைக்கு யார் இருக்கிறார்கள்? பிறர் கட்டிய லைப்ரரியை நம்பித்தான் நாங்கள் எதையும் செய்ய முடியும். அது விழுந்தால் விசாரிக்கும் உரிமைகூட எங்களுக்கு இல்லாமல் போகிறது.

கோபத்தை விட்டுவிட்டுப் பணிவாகவே கேட்கிறேன். அடுத்த பதிப்பில் கட்டாயம் என்று ஒரு சிறு பகுதி சேருங்கள். கோப்பு, வரி, செயற்கூறு, அதற்குள் போன மதிப்பு. மதிப்பைக் காக்க முடியாத இடத்தில், ஏன் முடியவில்லை என்றாவது எழுதச் சொல்லுங்கள். இதைச் சரிபார்க்க ஒரு பொதுச் சோதனைத் தொகுப்பு வேண்டும்: சின்னச் சின்ன நிரல்கள், வேகமாக்கியும் ஆக்காமலும் கட்டி, இந்த வரியில் நிறுத்தினால் இது தெரிய வேண்டும் என்று எழுதியவை. எந்தக் கம்பைலர் எதில் தேறியது என்று எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். பலகை விற்கிறவரிடம் அந்தப் பட்டியலைக் காட்டித்தான் நான் வாங்குவேன். விழுந்த நிரலின் நினைவகப் படத்துக்கும், இயங்குதளங்களைச் செய்கிறவர்கள் ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து ஒரு வடிவம் பேசுங்கள். இயல்புப் பதிப்பை மாற்றும்போது, பழைய டிபக்கரை வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிழைச்செய்தியிலேயே சொல்லுங்கள். பதிப்பு தவறு என்று மட்டும் சொன்னால் அடுத்து எங்கே போவது?

2017 நவம்பர் 30 உங்களுக்கு நினைவிருக்க நியாயமில்லை. எங்களுக்கு இருக்கிறது. ஒக்கி புயல் வந்த நாள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று இந்தக் கரையில் ஊர் ஊராகக் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. எச்சரிக்கை ஆழ்கடலில் இருந்தவர்களைப் போய்ச் சேரவில்லை. அதற்கப்புறம் எந்தக் கருவியைக் கொண்டுபோய்க் காட்டினாலும் முதல் கேள்வி, "கடலுக்குள்ள நின்னு போகாதுல்லா?" என்பதுதான். போகாது என்று சத்தியம் செய்ய எந்த நிரலாளராலும் முடியாது. நின்றால் ஏன் நின்றது என்று கண்டுபிடித்து, அடுத்த நடைக்குள் சரிசெய்து தருகிறேன் என்று சொல்ல முடியும். அந்த ஒரு வாக்கைக் காப்பாற்ற விடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

இந்தப் பிழையை அப்படியே காட்டும் 40 வரி நிரல் ஒன்றை எழுதி வைத்திருக்கிறோம். காலியான கமா வரியைக் கொடுத்தால் விழும். மூன்று கம்பைலரில், இரண்டு இயங்குதளத்தில் கட்டிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்றும் குறித்திருக்கிறோம். சோதனைத் தொகுப்பு தொடங்குவீர்கள் என்றால் அதை எந்த நிபந்தனையும் இல்லாமல் தருகிறோம். மற்ற பலகைகளில் ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளும் வருவார்கள். கேட்டுவிட்டேன், சம்மதித்திருக்கிறார்கள்.

அந்தப் படகு இந்த வாரக் கடைசியில் கரைக்கு வருகிறது. புதிய நிரலோடும் புதிய ஆன்டெனா வயரோடும் துறைமுகத்தில் நிற்பேன். ஏன் நின்றது என்று அண்ணனிடம் சொல்ல இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. ஏன் இத்தனை நாள் ஆனது என்று அவர் கேட்டால் சொல்ல, உங்களிடமிருந்து ஒரு பதில் வேண்டும்.

மரியாதையுடன்,
தக்கலையிலிருந்து ஒரு நிரலாளர்